கேள்வித்தாளோடு ஊருக்குள் போனவர்: கில்பர்ட் ஸ்லேட்டரும் நீலகிரியின் எழுதப்படாத கணக்கும்

இந்தியப் பொருளாதாரத்தைப் பற்றி எழுதிப் பெயர்பெற்ற பிரிட்டிஷ் அறிஞர்கள் பலர் இந்த மண்ணை மிதித்ததில்லை. மக்கள்தொகைக் கோட்பாட்டுக்குப் பேர்போன மால்தூஸ், கிழக்கிந்தியக் கம்பெனி தன் இளம் அதிகாரிகளுக்காக நடத்திய கல்லூரியில் 1805 முதல் பாடம் சொன்னார், இந்தியாவுக்குக் கப்பலேறியதில்லை. ஜேம்ஸ் மில் 1817இல் இந்திய வரலாற்றை எழுதி வெளியிட்டார். அவர் மகன் ஜான் ஸ்டூவர்ட் மில் லண்டனிலிருந்த கம்பெனி அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். தகப்பனும் வரவில்லை, மகனும் வரவில்லை. கெய்ன்ஸ் 1906 முதல் 1908 வரை இந்தியா அலுவலகத்தில் பணியாற்றி, 1913இல் ரூபாய் நாணயத்தைப் பற்றித் தன் முதல் நூலை வெளியிட்டார். அவரும் வந்ததில்லை. லண்டனுக்கு வந்துசேர்ந்த அறிக்கைகளும் அட்டவணைகளுமே இவர்கள் அறிந்த இந்தியா.

கெய்ன்ஸின் நூல் வந்து இரண்டாண்டு கழித்து, 1915இல், ஐம்பத்தொரு வயதான ஒருவர் சென்னையில் வந்திறங்கினார். பெயர் கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளாதாரத்துக்கென்று ஏற்படுத்திய பேராசிரியர் பதவியில் அமர்ந்த முதல் ஆள் அவர்தான். பெரிய கோட்பாடு எதுவும் அவர் பெயரால் வழங்குவதில்லை. ஆனால் அவர் செய்யத் தொடங்கிய ஒரு வேலை நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்நாட்டில் நடந்துகொண்டிருக்கிறது. அது என்ன வேலை, எங்கே அது நின்றுபோனது, ஏன் அது நீலகிரி மலைமேல் ஏறவே இல்லை என்ற கேள்விகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். மலையில் உட்கார்ந்துகொண்டு எழுதுவதால் கடைசிக் கேள்விதான் எனக்கு முதல் கேள்வி.

ஸ்லேட்டர் 1864இல் பிளிமத் துறைமுக நகரத்தில் பிறந்தவர். கல்லூரி மதிலுக்குள்ளேயே ஆயுளைக் கழித்த பேராசிரியர் அல்லர். 1905-06இல் லண்டனின் வுல்விச் நகர மேயராக இருந்தார். பீரங்கித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் அது. 1909இல் ஆக்ஸ்போர்டிலிருந்த ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வரானார். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் வந்து படித்த கல்லூரி. அவர் பொறுப்பேற்ற நேரம் நல்ல நேரமில்லை. முந்தைய முதல்வரை நீக்கியதை எதிர்த்து மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்து, ஒரு பகுதியினர் வெளியேறித் தனிக் கல்லூரியே தொடங்கியிருந்தார்கள். அந்தக் கசப்புக்கு நடுவில் ஆறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். கைத்தொழிலாளிகளுக்குப் பொருளாதாரம் கற்பித்தவருக்கு ஒன்று விளங்கியிருக்க வேண்டும்: எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்த வாழ்க்கையிலிருந்துதான் பாடத்தைத் தொடங்க முடியும். சென்னையில் அவர் செய்ததை எல்லாம் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன்.

அவருடைய முக்கியமான நூல் சென்னைக்கு வருமுன்பே வெளிவந்துவிட்டது. இங்கிலாந்தின் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்ட வரலாற்றை 1894இல் ஆராயத் தொடங்கி, 1904இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகச் சமர்ப்பித்து, 1907இல் நூலாக்கினார். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேய நாடாளுமன்றம் ஊர் ஊராக ஆயிரக்கணக்கான தனிச்சட்டங்கள் போட்டு, ஊராருக்குப் பொதுவான வயலையும் மேய்ச்சல் வெளியையும் அளந்து, பங்கிட்டு, வேலி கட்டியது. பத்திரம் வைத்திருந்தவனுக்கு நிலம் வந்தது. பழக்கத்தால் மட்டுமே உரிமை வைத்திருந்தவன், ஒரு பசுவையும் நாலு வாத்துகளையும் வெளியில் மேயவிட்டுப் பிழைத்தவன், கூலியாளானான். ஸ்லேட்டர் இந்தச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் திரட்டினார். லாக்ஸ்டன் போல, பழைய பொதுவயல் முறை மிஞ்சியிருந்த ஊர்களின் நடைமுறையையும் எழுதினார்.

இந்த நூலை நீலகிரியில் வைத்துப் படிப்பவருக்கு வேறொரு நிலம் கண்முன் விரியும். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் மலையேறியபோது இங்கே வேலி என்ற ஒன்று இருக்கவில்லை. தோடரின் எருமைகள், அவர்கள் குடியிருப்பான மந்துக்கு மந்து, புல்வெளியில் மேய்ந்தன. படகர் தங்கள் ஊரான ஹட்டியைச் சுற்றிச் சாமையும் ராகியும் விதைத்து, சில ஆண்டு கழித்து அந்தத் துண்டை ஆறப்போட்டு வேறிடத்துக்குப் போனார்கள். கோத்தர் இரும்பும் பானையும் செய்து கொடுத்தார்கள்; குறும்பர் காட்டிலிருந்து தேனும் பிறவும் கொண்டுவந்தார்கள். நிலம் யாருக்கு என்ற கேள்விக்கு அன்றைய பதில், எந்தப் பருவத்தில் எந்த வேலைக்கு யாருக்கு என்பதாக இருந்திருக்கும். பயிரிட்ட துண்டுக்கு மட்டும் தீர்வை கட்டிவிட்டு, ஆறப்போட்ட நிலத்தின்மேலும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும் ‘புர்த்தி’ முறையைப் பிரிட்டிஷ் நிர்வாகமும் கொஞ்சகாலம் ஏற்றுக்கொண்டது. 1860களில் அதை எடுத்துவிட்டார்கள். அதே பத்தாண்டில் தரிசு நிலங்களை ஏலம் விடும் விதிகள் வந்தன. ஆறப்போட்ட நிலத்துக்கும் தரிசு நிலத்துக்கும் உள்ள வித்தியாசம் விவசாயிக்குத் தெரியும், ஏலப் பதிவேட்டுக்குத் தெரியாது. காப்பித் தோட்டமும், நடுவட்டத்திலும் தொட்டபெட்டாவிலும் அரசின் சின்கோனாவும், பிறகு தேயிலையும் அந்த நிலங்களில் ஏறின. 1882இன் சென்னை வனச் சட்டம் மிச்சத்தை எல்லை போட்டு எடுத்துக்கொண்டது.

இங்கிலாந்தில் வேலி கட்டியதற்கும் இங்கே எஸ்டேட் எழுந்ததற்கும் வேறுபாடுகள் உண்டு. அங்கே பறிபோன உரிமைக்குப் பெயரளவிலாவது நாடாளுமன்றத்தில் ஒரு மனுப் போட முடிந்தது. இங்கே சலிவனைப் போன்ற ஓரிரு அதிகாரிகள் தோடரின் நில உரிமைக்காக வாதாடியதைத் தவிர, மலைமக்களின் சொல் ஏறும் சபை எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் அடிப்படை ஒன்றே: பழக்கத்தால் வந்த உரிமை, எழுத்தில் வந்த உரிமையிடம் தோற்றது. இதை இங்கிலாந்துக்காகப் பத்தாண்டுக்கு மேல் உழைத்து நிறுவிய அறிஞர் சென்னை மாகாணத்துக்கு வந்தார். கோடை வந்தால் மாகாண அரசே கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறிய காலம் அது. குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் ரயில் வந்துவிட்டது. மலைக்கு வழி இருந்தது. கேள்வி கேட்கத் தகுந்த ஆளும் இருந்தார். அவருடைய கேள்விகளோ சமவெளிக்குப் போயின.

அந்தக் கேள்விகளின் கதைக்கு வருவோம். அன்றைய சென்னையில் பொருளாதாரம் படித்த மாணவன் ஆங்கிலப் பாடநூலில் லங்காஷயர் பஞ்சாலையையும் லண்டன் வங்கியையும் படித்துத் தேர்வெழுதினான். தன் ஊரில் வாரம் எவ்வளவு, குத்தகை எவ்வளவு, பண்ணையாளுக்கு நாளுக்கு எத்தனை படி நெல், செட்டியார் என்ன வட்டி வாங்குகிறார் என்பது அவனுக்குப் பாடமே இல்லை. ஸ்லேட்டர் ஒரு நீண்ட கேள்வித்தாளைத் தயாரித்து, விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர்களிடம் கொடுத்தார். நிலம், நீர்ப்பாசனம், பயிர், கால்நடை, கூலி, கடன், வீடு, கைத்தொழில், உணவு என்று எல்லாவற்றையும் கேட்டெழுதச் சொன்னார். 1916 முதல் வந்துசேர்ந்த அறிக்கைகளைத் தொகுத்து, 1918இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆய்வு வரிசையில் முதல் தொகுதியாக, ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

அந்தத் தொகுதியில் மலையாள, தெலுங்கு ஊர்களும் உண்டு. பிற்கால ஆய்வாளர்கள் ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ என்று தொடர்ந்து பேசுவது ஐந்து தமிழ் ஊர்களைத்தான்: திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் வடமலாபுரம், கீழைத் தஞ்சையின் பாலக்குறிச்சி, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பெரிய ஏரிக்கரையிலிருக்கும் தூசி, தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு. ஆற்றுப் பாசனம், ஏரிப் பாசனம், மானாவாரி, கரிசல் என்று சமவெளி விவசாயத்தின் பெரும்பாலான முகங்கள் இந்த ஐந்துக்குள் வந்துவிடுகின்றன. மலை வரவில்லை.

இந்தியாவில் ஊர் ஆய்வு ஸ்லேட்டரால் மட்டும் தோன்றியதன்று. அதே ஆண்டுகளில் புனே வேளாண் கல்லூரியில் இருந்த ஹெரால்ட் மான், தக்காணத்து ஊர் ஒன்றின் நிலத்தையும் உழைப்பையும் ஆராய்ந்து 1917இல் நூல் வெளியிட்டார். மலைக்காரர்களுக்கு அவரிடம் இன்னொரு உறவும் உண்டு. புனேவுக்கு வருமுன் இந்தியத் தேயிலைச் சங்கத்தின் விஞ்ஞானியாக அஸ்ஸாமில் தேயிலைச் செடியின் பூச்சிகளையும் நோய்களையும் ஆராய்ந்தவர் அவர். தேயிலையை அறிந்த மனிதர், தக்காணத்துச் சோளக்கொல்லைக்குப் போனபிறகுதான் குடும்பக் கணக்கைக் கேட்டார். தோட்டத்தில் இருந்தவரை செடியின் நோய்தான் அவருடைய வேலை. கொழுந்து பறிப்பவளின் கடன் யாருக்கும் வேலையாக இருக்கவில்லை. அலகாபாத்தில் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1916இல் இந்தியப் பொருளாதார ஆய்விதழைத் தொடங்கியதும் இதே காலம்தான். மூவரையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஸ்லேட்டரின் தனித்தன்மை துலங்கும். மான் தன் குழுவோடு ஊரை அளந்தார், ஜெவன்ஸ் இதழ் நடத்தினார், ஸ்லேட்டர் மாணவனை அவன் சொந்த ஊருக்கே அனுப்பினார்.

அதிலேயே ஒரு குறையும் இருந்தது. 1916இல் பல்கலைக்கழகம் வரை வந்த மாணவன் பெரும்பாலும் நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை, படித்த சாதியில் பிறந்தவன். அவன் ஊருக்குப் போய்ப் பண்ணையாளிடம், “உனக்குக் கடன் எவ்வளவு?” என்று கேட்டால், அந்தக் கடன் கேட்டவனின் தகப்பனாரிடமே வாங்கியதாக இருந்திருக்கலாம். சேரிக்குள் எத்தனை மாணவர்கள் காலெடுத்து வைத்தார்கள், எத்தனை பேர் திண்ணையில் உட்கார்ந்தபடி ஆளை வரவழைத்துக் கேட்டார்கள் என்பது அறிக்கைகளைப் படிப்பவருக்கு எழாமல் போகாத கேள்வி. பெண்களின் குரல் ஏறக்குறைய இல்லை. நாற்று நட்டதும் களையெடுத்ததும் அவர்கள். கணக்குச் சொன்னது ஆண்கள்.

இத்தனை குறையோடும் அந்த அறிக்கைகள் ஒரு காரியத்தைச் செய்தன. படியாள், பண்ணையாள் என்று வாழ்ந்த மனிதர்களின் கூலியும் கடனும் ஊர்ப் பெயரோடும் ஆண்டோடும் அச்சேறின. அச்சில் ஏறிவிட்ட கணக்கை இருபது ஆண்டு கழித்து ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு அதே ஊருக்குத் திரும்பிப் போக முடியும். போனார்கள்.

முதலில் போனவர்கள் ஸ்லேட்டரின் நாற்காலியில் பின்னாளில் அமர்ந்த பி. ஜே. தாமஸும் அவருடன் பணியாற்றிய கே. சி. ராமகிருஷ்ணனும். 1936-37இல் எடுத்த மறு ஆய்வு 1940இல் நூலானது. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, விலை ஏற்றத்தில் வாங்கிய கடன் கல்லாகக் கனத்த காலத்தின் நேர்ச்சாட்சி அது. 1960களின் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டின் மார்கரெட் ஹாஸ்வெல் மறுபடி இந்த ஊர்களுக்கு வந்தார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் அவருடன் சேர்ந்தவர்களும் போனார்கள். மாநில நிதித்துறையை நடத்திய ஐ.ஏ.எஸ். அதிகாரி, பதவியை விட்டபின் இருவேல்பட்டில் வீடு வீடாகக் கணக்கெடுத்த காட்சி என்னை எப்போதும் நெகிழவைப்பது. அரசாங்கக் கணக்கு தெரிந்தவருக்குத்தான் அதில் எது விட்டுப்போகிறது என்பதும் தெரியும். இருவேல்பட்டுக்கு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் திரும்பினார்கள். பாலக்குறிச்சிக்கும் இந்த நூற்றாண்டில் ஆய்வாளர் போயிருக்கிறார்.

இந்தத் தொடர் வருகைகள் என்ன சொல்கின்றன? பாலக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். 1916இல் அங்கே பதிவான பண்ணையாள் முறைதான் கீழைத் தஞ்சையின் அஸ்திவாரம். ஐம்பதாண்டு கழித்து அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக அந்தப் பகுதி எப்படிக் கொந்தளித்தது என்பதை 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில் நாற்பத்துநான்கு உயிர்கள் எரிந்ததிலிருந்து அறிவோம். கூலிப் பட்டியலில் மாணவன் எழுதிவைத்த எண்களுக்குள் அந்த நெருப்பு இருந்தது. இருவேல்பட்டின் கதை வேறு. பெருநிலக்காரக் குடும்பத்தின் பிடி படிப்படியாகத் தளர்ந்தது. படியாள் முறை மறைந்தது. தலித் மக்களுக்கு முன்னில்லாத சுதந்திரம் வந்தது. ஆனால் அவர்கள் கைக்கு நிலம் பெரிதாக வரவில்லை. ஊருக்கு வெளியே கிடைத்த வேலையும், அரசின் நலத்திட்டங்களும், அரசியல் அணிதிரள்வும் சேர்ந்துதான் அந்தப் பிடியைத் தளர்த்தின. நிலச்சீர்திருத்தம் இல்லாமல் விடுதலை இல்லை என்று நம்பியவர்களுக்கும், சந்தை வந்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பியவர்களுக்கும் இருவேல்பட்டு ஒரே நேரத்தில் சங்கடம் தருகிறது. ஓர் ஆண்டு மட்டும் எடுத்த ஆய்வில் இது தெரிந்திருக்காது. தொண்ணூறு ஆண்டுகள் ஒரே ஊரைப் பார்த்ததால் தெரிந்தது.

வடக்கே உத்தரப் பிரதேசத்தின் பாலன்பூருக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. 1957-58இல் தொடங்கி ஏறக்குறையப் பத்தாண்டுக்கொருமுறை அங்கே கணக்கெடுத்தார்கள். கிறிஸ்டோபர் பிளிஸ், நிக்கலஸ் ஸ்டெர்ன் என்ற இரு பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர்கள் 1974-75இல் அதைப் பெரிய அளவில் செய்தார்கள். தமிழ்நாட்டின் ஆரணிக்கு பார்பரா ஹாரிஸ்-வைட் 1970கள் முதல் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வந்து அரிசி ஆலை, பட்டு நெசவு, வட்டிக்கடை என்று சிறுநகர வணிகத்தை ஆராய்ந்தார். இவர்கள் எல்லோருக்கும் முந்தியது ஸ்லேட்டரின் கணக்கு.

ஸ்லேட்டரின் பிற எழுத்துகளை இங்கே விரைவாகக் கடந்துவிடலாம். 1921-22இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பினார். 1924இல் இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்திருந்த காலத்தில் சென்னையில் வாழ்ந்தவருக்கு இந்தக் கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. வேதத்துக்கு முந்தைய தென்னகத்தின் பங்கை அவர் மதித்ததை நாமும் மதிக்கலாம். ஆனால் இனத்தையும் தட்பவெப்பத்தையும் வைத்து மனித குணத்தை விளக்கிய அன்றைய ஐரோப்பிய அறிவியலின் மேல் கட்டிய நூல் அது. அந்த அடித்தளம் இன்று நிற்காது. தென்னிந்தியாவின் அரசியல், பொருளாதாரச் சிக்கல்களைப் பற்றி 1936இல் எழுதிய நூலில் அவர் பார்த்த சென்னை உயிரோடு இருக்கிறது. 1938இல் காலமானார்.

இனி மலை. நீலகிரியை யாரும் ஆராயவில்லை என்று சொன்னால் அது பொய். இந்தியாவில் இவ்வளவு சிறிய பரப்பைப் பற்றி இவ்வளவு எழுதிக் குவித்த இடம் வேறு அதிகமில்லை. ரிவர்ஸ் 1906இல் தோடரைப் பற்றி எழுதிய பெருநூல் மானிடவியலுக்கே வழிகாட்டியது. எமனோ தோடர், கோத்தர் மொழிகளை 1930களில் பதிவுசெய்தார். மேண்டல்பாம் கோத்தரிடையே தங்கினார். பால் ஹாக்கிங்ஸ் 1960கள் முதல் படகரிடையே ஆய்வு செய்து, பல பத்தாண்டு இடைவெளிகளில் வீட்டுக் கணக்கும் எடுத்து, குடும்ப அமைப்பைப் பற்றி 1999இல் ஒரு நூலே கொண்டுவந்தார். ஸ்லேட்டர் வழியில் மலையில் நடந்த வேலைக்கு மிக அருகில் வருவது இதுதான். மற்றபடி மலைக்கு வந்தவர்கள் எருமைக் கோயிலைக் கேட்டார்கள், ஈமச்சடங்கைக் கேட்டார்கள், உறவுமுறைச் சொல்லைக் கேட்டார்கள். கடன் புத்தகத்தைக் கேட்டவர்கள் குறைவு. சமவெளிக்காரன் பொருளாதாரத்துக்கு, மலைக்காரன் மானிடவியலுக்கு என்று யாரோ பாகப்பிரிவினை செய்ததுபோல அறிவுலகம் நடந்துகொண்டது. மலைக்காரனுக்கும் மாதக் கடைசியில் பலசரக்குக் கடைப் பாக்கி உண்டு.

எஸ்டேட்டிலோ கணக்குக்குப் பஞ்சமே இல்லை. 1893இல் தொடங்கிய, தோட்ட முதலாளிகளின் சங்கமான உபாசி குன்னூரிலிருந்து தென்னிந்தியத் தோட்டத் தொழிலின் விளைச்சலையும் விலையையும் பதிந்துவருகிறது. ஆனால் அது தோட்ட முதலாளியின் கணக்கு. ஸ்லேட்டர் சென்னைக்கு வந்த ஆண்டில் 1903இன் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டம் நடைமுறையில் இருந்தது. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறிய கூலியாள் ஒப்பந்தக் காலம் முடியுமுன் இறங்கினால் அது குற்றம். அந்த முன்பணத்தையும் இருவேல்பட்டுப் படியாளின் கடனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். சமவெளியில் கடன்பட்டவன் அதை அடைக்க மலையேறினான். மலையில் புதிதாகக் கடன்பட்டான். ஸ்லேட்டரின் மாணவர்கள் கயிற்றின் கீழ்முனையைப் பதிந்துவைத்தார்கள். மேல்முனையைப் பிடித்துப் பார்க்கத் தொழிலாளரின் லயன் வீடுகளுக்குள் ஒரு கேள்வித்தாளும் நுழையவில்லை. எஸ்டேட் வாசலில் கேட் இருந்தது என்பதும் ஒரு காரணம். ஊருக்குள் போக யாரையும் கேட்க வேண்டாம். தோட்டத்துக்குள் போகத் துரையின் அனுமதி வேண்டும்.

பிறகு மலையே மாறியது. படகர் நிலத்தில் உருளைக்கிழங்குக்கும் தானியத்துக்கும் பக்கத்தில் தேயிலை ஏறி, மெல்ல மெல்ல அவற்றைத் தள்ளிவிட்டு நின்றது. 1962இல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது. 1963இல் குன்னூரில் ஏல மையம். 1965இல் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை இணைக்கும் இண்ட்கோசர்வ். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையின் தோட்டங்களிலிருந்து வேரோடு பிடுங்கப்பட்டு வந்த தமிழர்களுக்காக 1968இல் அரசு தேயிலை நடத் தொடங்கி, அது டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. கூடலூர்ப் பக்கம் 1969இன் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் கிளப்பிய வழக்குகள் தலைமுறை தாண்டி ஓடின. பழக்கத்தால் வந்த உரிமைக்கும் எழுத்தில் வந்த உரிமைக்கும் நடக்கும் அதே பழைய சண்டை. சோவியத் நாடு உடைந்ததும் நீலகிரித் தேயிலையின் பெரிய சந்தை தள்ளாடியது. 1990களின் கடைசியில் விலை சரிந்தபோது சிறு விவசாயியின் வீட்டில் விழுந்த அடி இன்னும் ஆறவில்லை. 2023இலும் கோத்தகிரிப் பக்கம் பசுந்தேயிலைக்கு ஆதார விலை கேட்டு மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

இந்த விவாதத்தில் பேசுகிற எல்லோரிடமும் ஓர் எண் இருக்கிறது. தேயிலை வாரியம் மாதாமாதம் பசுந்தேயிலையின் சராசரி விலையை அறிவிக்கிறது. தேயிலைத்தூள் விற்ற பணத்தில் விவசாயிக்கு 65 பங்கு, தொழிற்சாலைக்கு 35 பங்கு என்பது சூத்திரம். நாலு கிலோவுக்குச் சற்று மேலே இலை கொடுத்தால் ஒரு கிலோ தூள். இவற்றை வைத்துக் குன்னூர் ஏல விலையிலிருந்து விவசாயியின் வருமானத்தைக் கணக்குப்போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். தொழிற்சாலைக்காரர் ஏலத்தில் தரம் இல்லை என்கிறார், விவசாயி கட்டுப்படியாகவில்லை என்கிறார், அதிகாரி மானியப் பட்டியலைக் காட்டுகிறார். யார் சொல்வதும் முழுப்பொய் இல்லை. ஒரு ஹட்டியில், ஓர் ஆண்டு முழுக்க, ஒவ்வொரு வீட்டிலும் என்ன வந்தது என்ன போனது என்ற கணக்கு மட்டும் ஊரறிய யாரிடமும் இல்லை.

அந்தக் கணக்கில் என்னென்ன இருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன். இலையை நேராகத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறீர்களா, ஏஜெண்ட் வழியாகவா? ஏஜெண்ட் என்றால் அவரிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு, அது எந்தக் கல்யாணத்துக்கு, எந்தக் கல்லூரிக் கட்டணத்துக்கு? மழைநாளில் எடையில் ஈரத்துக்கென்று எவ்வளவு கழிக்கிறார்கள்? கொழுந்தைக் கையால் பறிக்கிறீர்களா, கத்திரி போடுகிறீர்களா? பறிப்பது வீட்டு ஆளா, கூலி ஆளா? கூலி ஆள் என்றால் எங்கிருந்து வந்தவர்? கவாத்து செய்த ஆண்டில் இலை வராதபோது எதை வைத்துச் சமாளித்தீர்கள்? பட்டா யார் பெயரில் இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் எவ்வளவோ மாட்டிக்கொண்டிருக்கிறது. மலையில் ஏராளமான நிலம் தாத்தா பெயரிலேயே கூட்டுப்பட்டாவாகக் கிடக்கிறது. பேரன்கள் ஆளுக்கொரு துண்டு பறிக்கிறார்கள். வங்கிக்குப் போனால் கடன் கிடைப்பதில்லை. அதனால் ஏஜெண்டிடம் போகிறார்கள். ஏலத்தில் ஒரு ரூபாய் ஏறினால் அது அவர்கள் வீட்டுக்கு வந்துசேரும் வழியில் யார் யார் நிற்கிறார்கள் என்பதைச் சராசரி விலை ஒருநாளும் சொல்லாது. மகள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்து அனுப்பும் பணம்தான் தோட்டத்தைத் தாங்கிப்பிடிக்கிறதா, தோட்டம்தான் மகளைப் படிக்கவைத்ததா என்றும் கேட்க வேண்டும். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும். எந்த ஆண்டில் எது என்பதற்கு எண் வேண்டும்.

லயன் வீட்டுக்குக் கேள்விகள் வேறு. ஓய்வுபெற்றதும் காலி செய்ய வேண்டிய வீட்டில் நாலு தலைமுறை வாழ்ந்தவர் எங்கே போவார்? வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து பறிக்கும் புதிய தொழிலாளிக்கு முன்பணம் கொடுத்துக் கூட்டிவருபவர் பழைய மேஸ்திரியிலிருந்து எந்த வகையில் வேறுபட்டவர்? கூடலூரில் பணியர் பழங்குடியினரின் பாடியில் கேட்க வேண்டியவை இன்னும் வேறு. அங்கே முதல் கேள்வியே, நிலம் எப்போது யாரிடம் போயிற்று என்பதுதான். ஸ்லேட்டரின் 1907 நூலைப் படித்தவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

1916இன் குறையை இன்று தவிர்க்க முடியும். அன்று கேள்வித்தாள் நிலக்காரர் பிள்ளையின் கையில் இருந்தது. இன்று லயன் வீட்டுப் பெண்ணும், பணியர் பாடியிலிருந்து முதல்முதலாகக் கல்லூரி ஏறியவனும், டான்டீ தொழிலாளியின் பேரனும், ஹட்டியின் மகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவரவர் தம்தம் வீட்டிலிருந்து தொடங்கலாம். பறிக்கும் பெண்களிடம் பெண்களே கேட்கலாம். கேட்டதை ஊர்ப்பெயரோடும் தேதியோடும், ஆள்பெயரை மறைத்து, தமிழில் அச்சிட வேண்டும். இருபது ஆண்டு கழித்து அதே ஊருக்குப் போகப்போகிறவர் அதைத் தேடிக் கண்டெடுக்கும்படி ஒரு நூலகத்தில் வைக்க வேண்டும்.

ஊட்டியில் சலிவன் 1822இல் கட்டத் தொடங்கிய ஸ்டோன்ஹவுஸ் இருக்கும் குன்றில்தான் பின்னாளில் மாகாண அரசின் கோடைக்காலச் செயலகம் நடந்தது. தரிசு என்று எழுதிய கோப்புகளும் காடு என்று எழுதிய கோப்புகளும் ஏறி இறங்கிய படிகள் அவை. அதே குன்றில் இன்று அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. காலை முதல் பேருந்தில் கோத்தகிரியிலிருந்தும் மஞ்சூரிலிருந்தும் வரும் பிள்ளைகள், நேற்று மாலை வீட்டில் இலை எடை போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறார்கள்.